ஒன்பது ஆணிகள்

நவம்பர். காலை ஆறே கால்.
பாசெல்-முலூஸ் விமான நிலையத்தின்
ஓடுபாதை பிரான்ஸ் மண்ணில் கிடக்கிறது.
வெளியேறும் வழிகளில் ஒன்று சுவிஸுக்குப் போகிறது.
பனிமூட்டத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

நானும் மத்தில்த் ஏபெர்சோலும்.
மஞ்சள் மேலங்கி, கைவிளக்கு,
பல்வைத்தியர் கையில் இருப்பதுபோல்
நீண்ட காம்புள்ள ஒரு கண்ணாடி.
இன்று எங்களுக்கு வாய்த்தது
வால்நிறம் வெளிறிய ஒரு சரக்கு விமானம்.
எந்த நாட்டது என்பதற்கே மூன்று காகிதம்:
ஓரிடத்தில் பதிவு, வேறிடத்தில் உரிமையாளர்,
குத்தகைக்காரர் இன்னும் எங்கோ.
பிள்ளை எல்லோருக்கும் சொந்தம் என்றால்
பசி யார் காதிலும் விழாது.

சக்கரத்தில் கை வைத்தேன், இன்னும் சூடு.
பிரேக் தேய்மானம் காட்டும் ஊசி
நகக்கண் அளவு மிச்சம்.
சரி.
வலது இறக்கையின் அடியில், ஒரு மூடித்தகட்டில்,
ஒன்பது திருகாணி இருக்கவேண்டிய இடத்தில்
ஆறு.

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்பார்கள்.
இது அச்சாணி அல்ல.
இது இல்லாமலும் ஓடும், பறக்கும்,
எத்தனையோ முறை பறந்தும் இருக்கும்.
அதுதான் எனக்குப் பயம்.

விமானி தஸ்தான் படியில் நின்று
காப்பிக் கோப்பையை இரு கையாலும் பொத்தியிருந்தார்.
"மூன்று ஆணிக்காகவா?"
இரவு முழுக்க விழித்த கண்.
அவரைத் திட்ட நான் வரவில்லை.
அதை எந்த மொழியில் சொன்னாலும்
திட்டு மாதிரியே கேட்கிறது.

மத்தில்த் பழைய பதிவுகளைத் திறந்தாள்.
ஐந்து வாரம் முன்பு, திபிலீசி.
அதே இறக்கை, அதே தகடு:
"ஒன்று இல்லை. பக்கத்து இரண்டும் தளர்வு. தெரிவிக்கப்பட்டது."
கீழே பெயர் இல்லை, ஓர் எண் மட்டும்.

அந்த ஆளை நான் பார்த்ததில்லை.
ஆணா பெண்ணா, தெரியாது.
ஆனால் அந்த இடத்தைப் பார்க்க
என்னைப் போலவே முழங்காலிட்டிருக்க வேண்டும்.
நின்றபடி பார்த்தால் தெரியாத இடம் அது.
'பக்கத்து இரண்டும்' என்பதை
எழுதாமல் விட்டிருக்கலாம்.
அங்கே மழை பெய்திருக்கலாம், பசித்திருக்கலாம்,
யாராவது படியில் நின்று
ஓர் ஆணிக்காகவா என்று கேட்டிருக்கலாம்.
எழுதியிருந்தார்.

ஒப்பந்தங்களையும் வாசித்திருக்கிறேன்.
கொலோனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன்:
மேசைமேல் சின்னச் சின்னக் கொடிகள்,
தண்ணீர்ப் போத்தல், வரைவின் ஏழாம் திருத்தம்,
'வேண்டும்' என்பதா 'வேண்டலாம்' என்பதா என்று
மதியம்வரை ஒரு சொல்லுக்காக வாதம்.
முழங்கால் ஈரம் அதில் எங்கும் இல்லை.
குறையாகச் சொல்லவில்லை.
அந்தச் சொல் அங்கே உட்கார்ந்ததால்தான்
திபிலீசியின் வரி
இந்தக் குளிரில் என் கைக்கு வந்தது.

ஆணி வர இரண்டு மணி நேரம்.
சுவிஸ் பக்கத்துப் பணிமனையிலிருந்து
ஊர்ஸ் கொண்டுவந்தான்.
கூடவே வந்த சான்றுச் சீட்டு
ஆணியைவிட நாற்பது மடங்கு பெரிது.
முறுக்கி முடித்ததும்
தஸ்தான் இறங்கி வந்தார்.
கோப்பையைத் தரையில் வைத்தார், குனிந்தார்,
ஒவ்வொன்றாக விரலால் தொட்டு
தன் மொழியில் எண்ணினார்.
ஒன்பதில் நின்றார் என்பது
எனக்கும் புரிந்தது.

பதிவில் எழுதினேன்:
"மூன்று இல்லை. மாட்டப்பட்டன. ஒன்பதும் இறுக்கம்."
அந்த எண்ணுக்கு ஒரு வரி சேர்க்க நினைத்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்தது இருபத்திரண்டாம் நிறுத்தம்.
தூறல் பிடித்துவிட்டது.
மத்தில்த் கண்ணாடியை
மேலங்கியின் உள்பக்கத்தில் துடைக்கிறாள்.