இடதுபுற நாற்காலி

வளையல் கூடாது. சென்ட் கூடாது.
கறுப்புப் புடவை, சரசரக்காத துணி.
நான் தலையசைத்தால் எழு,
இடது கை, மேல் மூலை,
புரட்டு, உட்கார்.
கூட்டத்துக்கு நீ தெரியக் கூடாது.
தெரிந்தால் ஏதோ தப்புச் செய்திருக்கிறாய்.

குல்ருக் பிலிமோரியா போனில் சொன்ன
சட்டங்கள் இவ்வளவுதான்.
நான் ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் கிளார்க்.
ஞாயிற்றுக்கிழமை தாராவிக் கோயிலில் ஆர்கன்.
நோட்டு படிப்பேன், வாய் திறக்கமாட்டேன்.
வேறென்ன வேண்டும் அவருக்கு?

அறுபத்துமூன்று வயதுவரை
தாளே இல்லாமல் வாசித்தவர்.
புனேயில் ஓர் இரவு
ஒரே சந்து இரண்டு தடவை வரும் சொனாட்டாவில்
வெளியேறும் திருப்பம் தவறி
மூன்று முறை அதே தெருவுக்குத் திரும்பினார்.
யாருக்கும் தெரியவில்லை.
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
மறுநாள் காலை எனக்குப் போன்.

ஒன்பது வருட இடைவேளைகளில்
கொசுறு கொசுறாய்ச் சொன்னதுதான்
எனக்குத் தெரிந்த அவர் வாழ்க்கை.
இருபத்துநான்கில் ஐரோப்பாவில் ஒரு போட்டி, மூன்றாம் பரிசு.
"முதல் பரிசுக்காரனுக்கு மாநகரங்கள்.
மூன்றாம் பரிசுக்குப் பள்ளிக்கூட ஹால்கள்,
பனி கொட்டும் செவ்வாய்க்கிழமைகள்."
வயலின்காரன் தன் வயலினைக் கட்டிக்கொண்டு தூங்கலாம்.
இவருக்கு ஊருக்கு ஊர் அடுத்தவர் பியானோ.
ஊர்ப்பெயர்கள் மறந்துவிட்டன;
எங்கே எந்தக் கட்டை கரகரத்தது என்பது மறக்கவில்லை.
கல்யாணம்?
"ஒரு தடவை" என்றார்,
வெந்நீர்க் கிண்ணத்திலிருந்து கையை எடுக்காமல்.

அப்பாவுக்கு முடியாமல் பம்பாய் வந்தவர்
அப்பா போன பிறகும் திரும்பவில்லை.
தாதர் பார்ஸி காலனி, மூன்றாம் மாடி.
ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை
பியானோவின் வயிற்றுக்குள் நாற்பது வாட் பல்பு எரியும்.
ஈரத்துக்கு அதுதான் வைத்தியம்.
இரவில் போனால் கூடத்தில் வேறு விளக்கே இருக்காது.

போன ஜூலை, கொலாபாவில் கச்சேரி.
பாதி நாற்காலிகள் காலி, ரயில் ஓடவில்லை.
முப்பத்தொரு வயதில் செத்த ஒருவனின் சொனாட்டா,
மெதுவான இரண்டாம் பகுதி.
தலையசைத்தார். எழுந்தேன். புரட்டினேன்.
ஈரத்தில் ஒட்டியிருந்த இரண்டு தாள்
ஒரே தாளாய் வந்தது.

திருப்பிப் புரட்டினால் சத்தம்.
நின்றேன்.
அவர் தாளைப் பார்க்கவே இல்லை.
கைகள் போய்க்கொண்டிருந்தன,
மின்சாரம் போன வீட்டில்
சொந்தக்காரி நடப்பதுபோல, எதிலும் இடிக்காமல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்.
பக்கம் புரட்டுகிறவளுக்கு இசை கேட்காது.
கண் எப்போதும் அடுத்த வரியில்;
வாசிக்கும் வரி அவளுக்கு முடிந்துபோன வரி.
உலகத்திலேயே அவருக்கு மிக அருகில் உட்கார்ந்து
ஒன்பது வருடம் நான் கேட்டதில்லை.
அன்றைக்கு எனக்கு அடுத்த வரி இல்லை.

இடது கையில் ஓரிடத்தில் ஏதோ ஒரு ஸ்வரம்,
அச்சில் பார்த்ததே இல்லை.
நின்று, யோசித்து, இறங்கியது.

பிறகு திறந்திருந்த பக்கத்துக்கு வந்துசேர்ந்தார்.
வழக்கமான தலையசைப்பு.

பச்சை சோபா போட்ட அறையில்
கவரைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:
"ரெண்டு தாள், இல்லையா?"
"ஈரம், மேடம்."
"எப்படி இருந்தது?"
என்ன சொல்வது?
"ரயில் விட்டுட்டாங்களாம், மேடம்" என்றேன்.
சிரித்தார். டாக்சிக்கு மேலும் இருநூறு கொடுத்தார்.
சயான் போய்ச்சேர ஒன்றரை மணி.
விளக்கைப் போட்டு நோட்டைத் தேடினேன்,
அந்த ஸ்வரம் அதில் இல்லை.

செப்டம்பரில் அடுத்த கச்சேரி.
தாள்களை ஸ்டாண்டில் வைக்கும்போது பார்த்தேன்:
ஒவ்வொரு மூலையும் மடிக்கப்பட்டிருந்தது,
இனி எதுவும் எதனோடும் ஒட்டாதபடி.
அவரே மடித்தது. மடிப்பில் பவுடர்கூட இருந்தது.

தலையசைத்தார்.
எழுந்தேன்.
இடது கை, மேல் மூலை.