ஏழாவது பொருள்

காவேரிப்பட்டணம் சாலை, மாம்பழக்கூழ் ஆலை,
மாடியில் ஏசி அறை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
இயக்குநர்கள் ஐந்து பேர் பேசுவதை
நான் நோட்டில் எழுதுவேன்.
பதினொரு வருஷமாகச் செயலாளர்.
பேசாததை எழுத
கம்பெனிச் சட்டத்தில் இடமில்லை.

பொருள் ஏழு: ஊழியர் குறைகள்.
"இல்லை" என்பார் மேலாளர்.
"சந்தோஷம்" என்பார் தலைவர் வேடியப்பன்.
முந்திரித் தட்டு ஒரு சுற்று வருவதற்குள்
பொருள் எட்டுக்குப் போய்விடுவோம்.

இந்த முறை, புதிதாக வந்த சுகுணவதி,
வங்கியில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர்,
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:
"சீசனில் அறுநூறு பேர்.
மூன்று வருஷத்தில் ஒருத்தருக்குக்கூடவா குறையில்லை?
என் வீட்டில் மூன்றே பேர்.
தினம் நாலு வழக்கு."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
"புகார்ப் பெட்டிச் சாவி யாரிடம்?"
மேலாளரின் கை
சட்டைப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

கீழே பெங்களூரா லோடு
இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும்.
மூன்று வருஷத்துக்கு முன், மே மாதம், இரவு ஷிப்ட்,
இரண்டாம் நம்பர் கொதிகலன் வால்வு
விசில் அடிக்கிறது என்று
கெம்பம்மா சொன்னாள்.
மறுநாள் அவளைப் பழம் பொறுக்கும் வரிசையிலிருந்து
கொட்டை அள்ளும் குழிக்கு மாற்றினார்கள்.
திட்டவில்லை. சம்பளம் பிடிக்கவில்லை.
மாற்றினார்கள், அவ்வளவுதான்.
விசில் நிற்கவில்லை.
அறுநூறு பேருக்குக் காது கேட்காமல் போனது.

"அதை விடுங்கள். இந்த அறையில்
தலைவர் சொன்னதை மறுத்து
கடைசியாகப் பேசியது யார்?"

திம்மராயன் ஃபைலை மூடினார்.
"போன வருஷம் நான் வாயைத் திறந்தேன்.
தலைவர் வாட்சைப் பார்த்தார்.
மூடிக்கொண்டேன்."

வேடியப்பன் வாட்சைக் கழற்றி
மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.
"பார்த்தேனா?" என்றார்.
கோபமா, கேள்வியா,
இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
ஆனால் அதற்குமேல் அதைத் திரும்பக் கட்டவில்லை,
கூட்டம் முடியும்வரை.

சுகுணவதி என் பக்கம் திரும்பினார்.
"நீங்கள் ஏதாவது?"

பழக்கத்தில் என் கை
இல்லை என்று எழுத
'இ' போட்டிருந்தது.
அடிக்கவில்லை.
அந்த 'இ'யிலிருந்தே தொடர்ந்து
'இரண்டாம் நம்பர் கொதிகலன்' என்று எழுதி
உரக்கப் படித்தேன்.

"யார் சொன்னது?" என்றார் மேலாளர்.

என் பெயரைச் சொன்னேன்.