அஞ்சு லிட்டர்

கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை
தெரு முழுக்கத் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
ஒவ்வொரு பாலித்தீன் பையிலும்
ஒரு கை வெயில், நாலு மீன்.

கடைக்காரரிடம் என் நிபந்தனைகளைச் சொன்னேன்.
விலை கம்மியாக இருக்கணும்.
மோட்டார் சத்தம் கூடாது, நான் பகலில் தூங்குகிறவன்.
சும்மா சும்மா தண்ணி மாற்றச் சொல்லக் கூடாது.
கரண்ட் போனால் செத்துப்போகக் கூடாது.
ரெண்டு நாள் தீனி மறந்தாலும் பொறுத்துக்கணும்.
நான் நாலு மணிக்குக் கிளம்பினால்
அம்பத்தூரிலிருந்து வீட்டம்மா வர எட்டரை.
அதுவரைக்கும் தனியா
பயப்படாமல்...

அந்த இடத்தில் எனக்கு நாக்கு தடுக்கியது.
தஸ்னீம் பக்கத்தில்தான் நின்றாள்
கழுத்துக் கயிற்றில் வீட்டுச் சாவியோடு.
லீவு நாளிலும் அதைக் கழற்றுவதில்லை அவள்.

"கோல்டு ஃபிஷ் பார்க்கத்தான் சாது,
தின்னுத் தின்னுத் தொட்டியை நாறடிச்சிடும்.
கப்பி ரெண்டு எடுத்தா
ரம்ஜானுக்குள்ள நாப்பது ஆயிடும்.
உங்க தோதுக்கு ஃபைட்டர்தான் பாய்."

குவார்ட்டர் பாட்டில்களில் வரிசையாக நின்றன.
பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே
கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துச் செருகிய தடுப்பு.
பார்த்தால் அடித்துக்கொள்ளுமாம்.
"பம்பு வேணாம். மேல வந்து காத்தை வாயால எடுத்துக்கும்.
அஞ்சு லிட்டர் தண்ணி போதும்.
ஒண்டிக்கட்டையா இருந்தாத்தான் அதுக்கு நல்லது."

"போரடிக்காதா?" என்றாள் தஸ்னீம்.

கடைக்குள் வந்து அவள் கேட்ட ஒரே கேள்வி.
"பழகிடும் பாப்பா."
அவள் தலையாட்டிய வேகம்
எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாயிரம் லிட்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு
ஊரெல்லாம் சுற்றுகிறவன் நான்.
குடச் சண்டைக்கு நடுவே குழாயைப் பிடித்தவன்.
சட்டையை எத்தனை துவைத்தாலும் குளோரின் போகாது.
அஞ்சு லிட்டர் எவ்வளவு என்று
அன்றைக்குத்தான் யோசித்தேன்:
நாங்கள் மூன்று பேரும் ஒரு நாளைக்குக் குடிப்பது.

நீலம் இருந்தது, ரத்தச் சிவப்பு இருந்தது.
அவள் காட்டியது செங்கல் நிறம், வால் ஓரம் கிழிசல்.
தடுப்பை எடுத்துப் பார்த்தாளாம்,
பக்கத்து மீன் சிலிர்த்துக்கொண்டு வந்தபோது
இது மட்டும் திரும்பிக்கொண்டதாம்.
பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

பெரம்பூர் பாலம் ஏறி இறங்கும்வரை
ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகில் தட்டு.
"அத்தா, மெதுவா. அது தூங்குது."
ஒன்பதாயிரம் லிட்டருக்குக் குறைக்காத வேகத்தை
ஒரு பைக்குக் குறைத்தேன்.
பின்னால் ஒரு ஆட்டோ என் பரம்பரையைத் திட்டியது.

மறுநாள் மூன்றேமுக்காலுக்கு
ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் ஒப்பித்தாள்.
ஒரு நாளைக்கு மூணு உருண்டை.
நேர் வெயில் ஆகாது.
புதுத் தண்ணி ஒரு ராத்திரி பக்கெட்டில் கிடக்கணும்.
அப்புறம், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி
அத்தா தினமும் அஞ்சு நிமிஷம்
அது பக்கத்துல உட்காரணுமாம்.
கடைக்காரர் சொன்னாராம்.

எவ்வளவு யோசித்தும்
அவர் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன்.
மீன் மேலே வந்தது, ஒரு வாய் காற்று வாங்கியது, இறங்கியது.
அவள் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு
சாவிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் எதுவும் பேசவில்லை.
மீன் இன்னொரு தடவை மேலே வந்தது.

நீரேற்று நிலையத்தில்
எப்போதும் நாலாவது வண்டி என்னுடையது.
அன்றைக்குப் பதினேழாவது.