வாடாமல்லி நிறம்

படிவத்தில் பெயர் இல்லை. விதி அப்படி.
ஆண், ஐம்பத்தெட்டு. குழாய் வேலை. நைட்கிளிஃப்.
இடது கணுக்காலில் கீறல், மூன்று வாரம்.
தகட்டில் அது வளர்ந்திருக்கிறது
காய்ந்த வாடாமல்லி நிறத்தில், சுருக்கம் சுருக்கமாய்.
முகர்ந்து பார்க்கக் கூடாது, முதல் நாள் பாடம்.
மழைக்குப் பின் மண்போல மணக்கும் என்கிறார்கள்
முகர்ந்தவர்கள்.

வெளியே டார்வினின் ஜனவரி
கூரையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

இருட்டறை. திரை.
கிருமிக்குப் பச்சை, செல்லின் எலும்புக்குச் சிவப்பு,
உட்கருவுக்கு நீலம்.
சாயங்களை நான்தான் ஊற்றினேன்.

இரண்டாம் மணி நேரம்.
கதவை உடைக்கவில்லை அது.
ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறதோ,
செல் தானே தன் தோலை மடித்து
உள்ளே வாங்கிக்கொள்கிறது,
ஒரு பையில் கட்டிச் செரித்துவிடலாம் என்று.
பை கிழிகிறது.

ஆறாம் மணி நேரம்.
பச்சைக்குப் பின்னால் ஒரு சிவப்பு வால்.
அது கொண்டுவந்த வால் அல்ல.
செல் நிமிர்ந்து நிற்க வைத்திருந்த இழைகளை
வாங்கி, முறுக்கி, உந்துகிறது.
வேலியே பயிரை மேய்ந்தது என்போம்.
இங்கே பயிர்
தன் வேலியைத் தானே பிடுங்கி
மாட்டுக்குக் கால் செய்து கொடுக்கிறது.

பன்னிரண்டில்
பக்கத்து வீட்டுச் சுவரை இங்கிருந்தே அழுத்தி
இரண்டு சுவரையும் ஒன்றாக்கி, ஒன்றையும் இல்லாமலாக்கி,
தெருவில் கால் வைக்காமலே
அடுத்த வீட்டில் இருக்கிறது.
தெருக்காவலுக்கு எதுவும் தெரியாது.
எண்ணினேன்: ஒரே தோலுக்குள் பதினேழு உட்கருக்கள்,
விபத்து நடந்த இடத்தில்
எட்டிப் பார்க்கும் தலைகள்போல், நீலமாய்.

அழகாக இருக்கிறது.
இதை வீட்டில் சொல்ல முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டாவ்ரோஸ்
எங்கள் பின்கட்டில் முழங்கால் சேற்றில் நின்று
உடைந்த கழிவுக்குழாயைத் தேடினார். ரப்பர் செருப்பு.
தகரம் கிழித்த காலைத் தோட்டக் குழாயில் காட்டி
கொசு கடித்தது என்று சிரித்தார்.
தேநீர் கொடுத்தேன்.
எத்தனை சர்க்கரை என்று கேட்டேன்.
மூன்று. டாக்டரிடம் சொல்லிவிடாதே என்றார்.

பதினோரு வருடம் இந்த மண்ணைக்
கண்ணாடிக்கடியில் வைத்துப் படித்தவள்
கேட்டது அது ஒன்றுதான்.
பூட்ஸ் எங்கே என்று கேட்கவில்லை.
காலைக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை.
தேநீர் ஆறும் முன்
மழை மறுபடி பிடித்துக்கொண்டது, அவர் குனிந்தார்.

நைட்கிளிஃபில் குழாய்க்காரர்கள் நிறைய.
ஐம்பத்தெட்டு வயதும் நிறைய.
ஒருவேளை அவர் இப்போது வேறொரு வீட்டின் அடியில்
படுத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கலாம்.

அவருடைய பில் எங்கள் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கடியில், இன்னும் கட்டாமல்.
கையுறையைக் கழற்றுகிறேன், கை கழுவுகிறேன்,
இன்னொரு முறை கழுவுகிறேன்.
எண் போகிறது.
செய்தியை விடுங்கள், திரும்ப அழைக்கிறேன் என்கிறது
பழைய, சளி இல்லாத குரல்.

திரையில் பதினெட்டு.