உடைத்த கூலி

இராயக்கோட்டை சாலையில்
என் பழைய இரும்புக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
வாசலில் தொங்கும் தராசுதான் அடையாளம்.
தராசுக்குப் பொருள் தெரியாது,
எடை தெரியும்.

தொண்ணூற்றாறில் ஏலத்தில் எடுத்தேன்
தொலைபேசி நிலையத்துக் கழிவு:
கறுப்புப் போன், நானூற்றுப் பன்னிரண்டு.
பொத்தான் வைத்தது வந்துவிட்டதாம்.
விரலை விட்டுச் சுற்ற
யாருக்கும் இனி நேரமில்லையாம்.
கிலோ ஏழு ரூபாய்.
டெம்போக்காரன் தார்ப்பாயை அவிழ்த்ததும்
மேலே இருந்த நாலைந்து சரிந்து விழுந்து
மணி அடித்தன.
யாரும் எடுக்கவில்லை.

திம்மக்கா அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.
சுத்தியலைக் கொடுத்துச் சொன்னேன்:
உள்ளே செம்புச் சுருள், அது தனி.
மணிக்கிண்ணம் இரண்டு, அது தனி.
கறுப்பு ஓட்டுக்கு விலை இல்லை.

பதினோரு நாள் உடைத்தாள்.
பேக்லைட் நொறுங்கினால் ஒரு வாடை வரும்,
ஆஸ்பத்திரியும் கெட்டுப்போன மீனும் கலந்த மாதிரி.
முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு
நடுமண்டையில் ஒரே அடி.
இரண்டாவது அடி கேட்டதாக எனக்கு நினைவில்லை.
ஓடுகளை ஒரு டிராக்டர்காரன் சும்மா ஏற்றிப்போய்
ரவுண்டானா பக்கம் பள்ளம் நிரப்பினான்.
அந்தப் பள்ளத்தின் மேல்தான் இப்போது
செல்போன் ஷோரூம் நிற்கிறது, மூன்று மாடி,
வாசலில் காற்றடைத்த பொம்மை
கையை வீசி வீசி ஆடுகிறது.

ஒன்று மட்டும் மிஞ்சியது.
யாரும் காப்பாற்றவில்லை.
ஆடிக்காற்றில் தார்ப்பாய் பறக்காமலிருக்க
அதன் மேல் தூக்கி வைத்தோம்.
கல் கிடைக்காத ஊரா இது?
மலையை அறுத்துக் கப்பலேற்றுகிற ஊர்.
அன்றைக்குக் கைக்கு எட்டியது அது, அவ்வளவுதான்.
இருபத்தெட்டு ஆடி போயிற்று,
தார்ப்பாய் நாலு மாறியது.
இராத்திரி எலி ஏறி இறங்கினால்
‘டிங்’ என்று ஒரே ஒரு மணி.

போன ஞாயிறு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார்.
காரிலிருந்து இறங்கும்போதே வெள்ளைக் கையுறை.
கைக்குழந்தையைப் போலக் கவிழ்த்து
அடியில் இருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தார்.
ஒன்பதில் விரலை விட்டு முழுச்சுற்று சுற்றி விட்டு,
அது கறகறவென்று திரும்பி வரும்வரை
கண்ணை மூடிக் கேட்டார்.
நான் வாங்கித் தராசில் வைத்தேன், பழக்கதோஷம்.
எடை வேண்டாம் என்றார்.
ஒன்பதாயிரம் தருகிறேன் என்றார்.

திம்மக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள்.
“எஷ்டு?” என்றாள், அவருக்கும் புரியட்டுமென்று.
மறுபடியும் சொன்னார்.
“ஏன் அவ்வளவு?”
“இந்த மாடல் இப்போது எங்கேயும் இல்லை அம்மா.”
“ஏன் இல்லை?”
காலம் என்றார். மாற்றம் என்றார்.
கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

“காலமா?”
வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தாள்.
“நானூற்றுப் பதினொன்றை உடைத்தது இந்தக் கை.
மிஞ்சினதுக்கு ஒன்பதாயிரம் என்றால்
அதில் என் பங்கு எவ்வளவு சாமி?”

அவர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, கணக்கு சரியாக இருந்தது.
அந்தப் பதினோரு நாளுக்கு நான் கொடுத்தது
நாளுக்கு இருபத்தைந்து.
கார் போனதும் இரண்டாயிரம் நீட்டினேன்.
எண்ணினாள். மூன்று என்றாள்.
கொடுத்தேன்.

இன்று காலை கேபிள் சென்றாயன் அனுப்பிய லோடு:
செட்டாப் பெட்டி, இருநூற்று அறுபது.
இப்போது எல்லாம் நேராக டிவிக்குள்ளேயே வருகிறதாம்.
குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
கீறல் இல்லாத ஒன்றை எடுத்தாள்.
அதற்குப் பொருந்துகிற ரிமோட்டைத் தேட
அரைமணி நேரம் ஆயிற்று, நான் அதட்டவில்லை.
இரண்டையும் துடைத்துச் சோற்றுப் பைக்குள் வைத்து
முடிச்சுப் போட்டாள்.

பிறகு உட்கார்ந்தாள், மிச்சத்தோடு.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி.
சாயங்காலம் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி,
முழுசாக ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான்
வீட்டுக்குப் போனாள்.