ஏழு மணிக் கிண்ணம்

திபிலீசியில் நான் இருக்கும் கட்டடத்துக்கு
மாடித்தரை மரப்பலகை.
மேலே யார் என்ன தின்கிறார்கள் என்பது
கீழே படுத்திருக்கும் எனக்குத் தெரிந்துவிடும்.
நடுச்சாமத்தில் ரொட்டி அடுப்பு மூட்டப் போகிறவள் நான்,
மாலை ஏழு மணிதான் எனக்கு அர்த்தராத்திரி.

ஏதெரி வீட்டு நாய் போம்போரா
கிண்ணத்தருகே நின்று தின்னாது.
ஒரு வாய் கவ்வும்,
கூடத்துக் கம்பளம்வரை நடக்கும்,
அங்கே கொட்டி
சில்லறை எண்ணுகிறவர் மாதிரி
ஒவ்வொரு உருண்டையாய் எடுத்துத் தின்னும்.
திரும்பும். மறுபடி கவ்வும்.
பலகையில் நகம் டிக் டிக் டிக் டிக்.
மொத்தம் பதினேழு நடை.
எண்ணாமல் இருக்க முடிந்தால்
எண்ணியிருக்க மாட்டேன்.

பூனைக்குக் கிஷ்மிஷ் என்று பேர்.
கிண்ணத்தின் ஓரமெல்லாம் தீனி குவிந்திருந்தாலும்
நடுவில் ஒரு காசளவு அடி தெரிந்துவிட்டால்
பட்டினி போட்டுவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டும்.
மீன் பிடிக்காது (பூனைதான், சத்தியமாக).
வெள்ளரித்தோலுக்கு உயிரை விடும்.
வால்நட் கொட்டைகளைத் திருடி
அடுப்புக்கடியில் சேர்த்துவைத்து
தெரு அடங்கியபின் ஒன்றை எடுத்து உருட்டும்,
சரியாக என் தலைக்கு மேலே.

பூனை முதல் வாய் எடுக்காமல்
நாய் கிண்ணத்துப் பக்கம் போகாது.
ஜும்பர் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருக்காமல்
பூனை முதல் வாய் எடுக்காது.
ஜும்பருக்கு மட்டும் எந்த ஒழுங்கும் கிடையாது.
எட்டுக்கு வருவார், பத்துக்கு வருவார்.
அதுதான் தகராறே என்றாள் ஏதெரி.

மார்ச்சில் பிரிந்தார்கள்.
கார் அவருக்கு, குளிர்பெட்டி அவளுக்கு,
நாய் அவருக்கு, பூனை அவளுக்கு.
கத்தல் இல்லை, கதவை அறையவில்லை,
படியில் பெட்டிகள் இறங்கின, அவ்வளவுதான்.

அன்று மேலே நிசப்தம்.
ஐந்து வருடமாய் நான் கேட்ட வரம்.
விழித்துக் கிடந்தேன்.

நாலாம் நாள் பூனையை அள்ளிக்கொண்டு வந்தாள்.
"எதையும் தொட மாட்டேங்கிறது.
ஈரல் வைத்தேன், சுலுகுனி பாலாடைக்கட்டி வைத்தேன்,
நீ பார், உன்னைப் பார்த்தாவது தின்னட்டும்."
பார்த்தேன்.
கிஷ்மிஷ் என் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் தேடியது.
சரக்கு இல்லை என்று கண்டு
முதுகைத் திருப்பிக்கொண்டது.

ஊருக்கு வெளியே ஒன்பதாவது மாடியில்
வாய் நிறையத் தீனியோடு
போம்போரா நின்றுகொண்டே இருந்ததாம்.
புது வீட்டில் கம்பளம் இல்லை.
எங்கே கொட்டுவது?
ஜும்பர் போன் செய்தார்,
கம்பளத்தை மட்டும் தருவாயா என்று.
அது தரையோடு ஆணியடித்தது என்றாள்.
பொய். நான் அந்த வீட்டில் நடந்திருக்கிறேன்.

அடுத்த நாள், மழை.
படியில் நாலு காலும் இரண்டு காலும் ஏறின.
கதவு திறக்க நேரமானது.
பிறகு மூட்டு மடக்கி ஒருவர் குந்தும் முறுக்கல்,
பிறகு, வெகுநேரம் கழித்து,
டிக் டிக் டிக் டிக்.
பதினொன்றாவது நடையில் தூங்கிப்போனேன்.

அன்றிலிருந்து தினம் வருகிறார்.
எதற்கும் நேரத்துக்கு வராத மனிதர்
ஈரக் காலணியோடு
ஏழு அடிக்குமுன் வாசலில் நிற்கிறார்.
எட்டுக்குக் கிளம்புவார்.
போன வாரம் எட்டேகால் ஆயிற்று.
நேற்று, தகரக் கிண்ணங்கள் ஓய்ந்த பிறகு,
மேசையில் ஒரு பீங்கான் தட்டு வைக்கும் சத்தம்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சேர்ந்துவிட்டார்களா என்று
முற்றத்தில் துணி உலர்த்துகிறவர்கள் கேட்கிறார்கள்.
எனக்கென்ன தெரியும்.
யாரோ வெள்ளரிக்காய் சீவுகிறார்.
யாரோ, வாயில் ரொட்டியோடு, சிரிக்கிறாள்.
ஒரு வால்நட் மெல்ல உருண்டு வருகிறது,
அது எங்கே போய் நிற்கிறது என்று
கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.