கழித்தல் குறி

மானி வாசிக்கிறவன் நான்.
கோட்டமுனைப் பக்கம்
எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி,
எந்த வீட்டில் புதிதாக ஏசி பூட்டியிருக்கிறார்கள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.

பெரிய பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால்
ஒரு ஒழுங்கை. ஏழு வீடு.
மூன்றில் மானி ஓடுவதில்லை.
படலையில் சிலந்தி வலை,
முற்றம் முழுக்க வேப்பஞ் சருகு,
மாதம் இரண்டு அலகு, சில மாதம் சைபர்.
அந்தப் பில்லுகளைத்தான்
ஐந்து வருசத்துக்கு அடுக்கி, கோவை கட்டி
நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகிறார்கள்.
நான் எழுதிய சைபர்கள்
யாரோ ஒரு பிள்ளைக்குக் கதிரை போட்டிருக்கின்றன.

நாங்கள் பாலத்துக்கு இங்கால், நாவற்குடா.
இங்கே மெய்யாகவே வசிக்கிறோம்:
மீன் பொரிக்கிறோம், சண்டை பிடிக்கிறோம்,
போன மாதம் எழுபத்து மூன்று அலகு.

நிரோசினி வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினாள்.
"இடையில நாலு பள்ளிக்கூடம் கிடக்கு.
ஒவ்வொண்டுக்கும் புள்ளி கழியும்."
நாலில் முதலாவது
எங்கள் வேலியிலிருந்து முன்னூறு மீற்றர்.
காலை மணி அடித்தால்
எங்கள் குசினிக்குக் கேட்கும்.
எங்கள் கணக்கில் அது பள்ளிக்கூடம் இல்லை,
கழித்தல் குறி.

செவ்வாய்க்கிழமை சப்றாசுக்குக் காய்ச்சல்.
அவன் பகுதிக்கு என்னை அனுப்பினார்கள்.
கழித்தல் குறிக்கும் மானி உண்டுதானே.

மலசலகூடத்துக்குப் பக்கச் சுவரில் இருந்தது.
ஒரு நிமிச வேலை. அரை மணித்தியாலம் நின்றேன்.
குழாய்கள் பிள்ளைகளின் இடுப்புயரத்தில்.
வெங்காய வலைப்பையில் சவர்க்காரம் கட்டித் தொங்கியது.
கதவுக்கு உள் கொண்டி இருந்தது, பூட்டிப் பார்த்தேன்.
இரண்டாம் வகுப்பில் ஓடு உடைந்து
மழைக்கு வைத்த வாளி, வெயிலிலும் அங்கேயே.
ஆங்கில ரீச்சர் மாற்றலாகிப் போய் எட்டு மாதமாம்.
புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டியது
போன முறை ஒரேயொரு பிள்ளை.
தரம் ஒன்றில் ஒரு பொடியன்
'ழ'வில் சிக்கி நின்றான்.
ரீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை,
பிரம்பைத் தேடவும் இல்லை.
வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி
அவன் வந்து சேரும்வரை காத்திருந்தா.
நானும் காத்திருந்தேன்.

பூக்கன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒருத்தி
வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அங்கிள், என்ன வாசிக்கிறீங்க?"
"இலக்கம்" என்றேன்.
உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
கல்லில் ஏறி எட்டிப் பார்த்து,
"கடைசி ஆறு இல்ல, எட்டு" என்றாள்.
துடைத்துப் பார்த்தேன்.
எட்டு.
பதினேழு வருசச் சேவை எனக்கு.

இதையெல்லாம் சொன்னேன்.
நிரோசினி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.
"வங்கி இன்ரவியூவில
எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டாங்க.
சொன்னன்.
அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கல்ல."
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
சவர்க்காரப் பையை அதற்கு எதிரே வைக்க
வெட்கமாக இருந்தது.

ஒழுங்கை வீட்டுக்காரர் போன் எடுத்தார்.
"உங்களுக்கெண்டா குறைச்சுத் தாறன்.
பழைய திகதியில உடன்படிக்கை,
பில்லெல்லாம் பத்திரமா வச்சிருக்கன்."
பத்திரமாகத்தான் இருக்கும்.
எல்லாம் என் கையெழுத்து.

முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள்.
விண்ணப்பத்தில் முதலாவது தெரிவு
பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி
தாள் மெலிந்துவிட்டது.

ஜனுஷிகா மேசைக்குக் கீழே
சப்பாத்துப் பெட்டிக்குள் பூனைக்குட்டியைப் படுக்கவைத்துக்கொண்டு
தலையை மட்டும் நீட்டினாள்:
"அப்பா, அங்க ஊஞ்சல் இருக்கா?"

கொண்டி பார்த்தேன், குழாய் பார்த்தேன்,
ஓடு எண்ணினேன்.

ஊஞ்சலைப் பார்க்கவில்லை.